வாலேனிக்கு மேலே ஒன்றும் இல்லை

கணினி அந்த இடத்தில் ‘மழை பெய்யும் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் போட்டிருந்தது. யசோதினி ஒலிப்பதிவைப் பத்து விநாடி பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். பேசியவர் மழையைப் பற்றியும் பேசவில்லை, பள்ளத்தாக்கைப் பற்றியும் பேசவில்லை. வாலேனி என்று ஓர் ஊரின் பெயரைச் சொல்லியிருந்தார்.

பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அங்கே வேலை செய்த பத்துப் பேரில் அந்தப் பெயரைச் சரியாக எழுதக்கூடியவள் அவள் ஒருத்திதான். வாலேனி ருமேனியாவில், டான்யூப் ஆற்றின் கரையில் இருக்கும் ஒரு துறைமுகம். அவளுடைய அண்ணன் துஷாந்த் அங்கே ஒரு கப்பல் பட்டறையில் இரண்டு வருடமாக வெல்டர். அவன் போவதற்கான படிவங்களையும், இப்போது அவனுடைய மனைவியும் பிள்ளையும் போவதற்கான படிவங்களையும் நிரப்பியவள் அவள்தான். அந்த ஊரின் பெயரை நாற்பது தடவையாவது எழுதியிருப்பாள்.

வேலை இதுதான். வெளிநாட்டுக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகள் வரும். கணினி முதலில் அவற்றைக் கேட்டு எழுத்தாக்கும். பிறகு இவர்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி தவறாகக் கேட்டதைத் திருத்துவார்கள். காப்புறுதி, மருந்துக் கம்பனி, பல்கலைக்கழக விரிவுரை என்று எது வேண்டுமானாலும் வரும். இந்த மாதம் வந்தது, ஏவுகணைகளிலிருந்தும் ட்ரோன்களிலிருந்தும் தங்கள் வானத்தை ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து காப்பது எப்படி என்று பேசிய கூட்டம். மூன்று நாள் பேச்சு. பெரிய இரகசியமாக இருந்தால் இத்தனை கை மாறி பதுளை வரைக்கும் வந்திருக்காது. ஆனாலும் கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பேசுபவர்களின் பெயர் எழுதுவதில்லை. பேச்சாளர் ஒன்று, பேச்சாளர் இரண்டு என்றுதான் போட வேண்டும். குரலை வைத்தே யசோதினி அவர்களைப் பழகிக்கொண்டாள். பேச்சாளர் ஒன்று ஒரு பெண்மணி. பேசுமுன் தொண்டையைச் செருமுவார். எல்லா நாடும் சேர்ந்து தடுப்பு ஏவுகணைகளை ஒரே தடவையில் வாங்கினால்தான் சீக்கிரம் கிடைக்கும் என்பார். பேச்சாளர் இரண்டுக்கு வெளியே வாங்குவதே பிடிக்காது. நாமே செய்ய வேண்டும் என்பார், அதற்கு எத்தனை வருடம் எடுக்கும் என்று யாராவது கேட்டால் கோபப்படுவார். பேச்சாளர் நான்கு எதையும் சுற்றி வளைக்கமாட்டார். மலிவான ட்ரோன்கள் நூறு நூறாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய ஏவுகணையை விட்டு அடிக்க முடியாது என்று சொன்னவர் அவர்தான். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வரும் புதிய ஏவுகணைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “எச்சரிக்கை கொடுக்கலாம். கேட்டவர் கதவு வரைக்கும் போகத்தான் நேரம் இருக்கும்” என்றார்.

வாலேனியைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான்.

“தலைநகரத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. விமானத் தளத்துக்கு இருக்கிறது. இரண்டாவது வான் பாதுகாப்புத் தொகுதி வரும் வரை வாலேனிக்கு மேலே எங்களிடம் ஒன்றும் இல்லை. வசந்த காலத்துக்குள் வரும் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். உண்மையில் இரண்டு வருடமாகும்.”

“அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று பேச்சாளர் ஒன்று கேட்டார்.

“துறைமுகத் தொழிலாளர்கள். வெளிநாட்டவர்கள் நிறையப் பேர்.”

ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு மதிய உணவு முடிந்து எத்தனை மணிக்குக் கூடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

யசோதினி அந்த இடத்தை ஏழு தடவை கேட்டாள். கேட்டு விளங்காத சொல்லுக்குப் போட என்று ஒரு குறி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவள் ஊரின் பெயரைப் பிழையில்லாமல் அடித்தாள். அடித்து முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் நமுனுகுலவுக்குப் போனாள். தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில், பன்னிரண்டு காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசி வீடுதான் அவர்களுடையது. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, அங்கே அண்ணி நிஷாலினியும் ஐந்து வயது மிதுஷாவும் மட்டும் இருந்தார்கள். போன வருட மழையில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மண்சரிவை ஆராய்கிறவர்கள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். இங்கே இருக்கக் கூடாது என்று கடிதமும் வந்தது. எங்கே போய் இருப்பது என்று கடிதத்தில் இல்லை. மழை பலக்கிற நாட்களில் பன்னிரண்டு குடும்பமும் பாயையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போகும். மழை விட்டதும் திரும்பி வரும்.

நிஷாலினி கட்டிலின் மேல் சூட்கேஸைத் திறந்து வைத்திருந்தாள். பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சாமான்களை அடுக்குவதும் எடுத்து மறுபடி அடுக்குவதுமாக இருந்தாள். மேலே மாதா படம் ஒன்றைத் துவாயில் சுற்றி வைத்திருந்தாள்.

“யசோ, இந்த ஜம்பர் பத்துமா பாரு. அங்க டிசம்பர்ல ஆறே ஒறஞ்சி போயிருமாம். ஒங்க அண்ணன் சொல்றாரு.”

“பத்தும் அண்ணி.”

“பூனா ஸியுவா சொல்லு” என்று மிதுஷாவைத் தூண்டினாள். பிள்ளை அந்த ஊர் மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு, வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தது.

யசோதினி சிரித்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். குசினிக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். நிஷாலினி கையிலிருந்த காலுறைகளைக் கீழே வைத்தாள்.

“என்ன புள்ள, வந்ததுலேருந்து ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்குற? வேலையில ஏதும் பெரச்சினையா?”

“ஒன்னுமில்ல அண்ணி. தல வலிக்குது.”

“இங்க படுத்தா எனக்கும் அப்படித்தான். ராத்திரி ஓட்டுல ஒரு சொட்டு விழுந்தாலும் எந்திரிச்சி, ஓடுறதுக்குன்னு புள்ள கால்ல சப்பாத்து மாட்டி வச்சிர்றேன். இன்னும் அஞ்சி வாரம். அதுக்குப் பொறகு நிம்மதியாத் தூங்குவேன்.”

அதைக் கேட்ட பிறகு யசோதினியால் உள்ளே இருக்க முடியவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் ஏறிப் போனாள். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அண்ணனுக்கு அப்போது பகல் பன்னிரண்டரை. லீவு நாள்.

“அண்ணே, அங்க ட்ரோன் வருதா?”

துஷாந்துக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“யாரு சொன்னா ஒனக்கு?”

“வருதா இல்லையா?”

“வரும் போகும். ஆத்துக்கு அந்தப் பக்கம் சண்ட நடக்குது, அதுல ஒன்னு ரெண்டு தவறி இங்க வரும். போன் கத்தும். நாங்க கட்டடத்துக்குக் கீழ எறங்கிருவோம். போன மாசம் ஒன்னு நாணல் காட்டுல விழுந்து எரிஞ்சிச்சு. நா ஜன்னல்லேருந்து பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “அண்ணிகிட்ட சொல்லிறாத.”

“ஏன் அண்ணே, தெரிஞ்சிக்கிட்டா புள்ளையக் கூப்புடுற?”

“பின்ன அந்த லயத்துலயே விட்டு வைக்கச் சொல்றியா?” அவன் குரல் உயர்ந்தது. “இங்க போன் கத்துனா அஞ்சி நிமிசமாச்சும் கெடைக்குது யசோ. அங்க மண்ணு எறங்குனா, சத்தம் கேக்கும்போதே எல்லாம் முடிஞ்சிரும். நா ரெண்டையும் யோசிக்காம இல்ல. இன்னும் கொஞ்ச நாள்தான். எல்லா நாடும் சேந்து இங்கன பெருசா ஒரு பாதுகாப்பு கொண்டாந்து வைக்கிறாங்களாம். வர்றதெல்லாம் மேலேயே அடிச்சி விழுத்திருமாம். மார்ச்சுக்குள்ள வந்துருதுன்னு பேப்பர்ல போட்டுருக்கான், எங்க போர்மன் வாசிச்சுச் சொன்னாரு. அதப் பாத்துத்தான் நா அண்ணியயே வரச் சொன்னேன்.”

கீழே லயத்து முற்றத்தில் மிதுஷா வேறு பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. யசோதினி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“மார்ச்சுக்கு வராது அண்ணே. ரெண்டு வருசம் ஆகும்.”

“என்ன?”

“ஒங்க ஊருக்கு மேல ஒன்னும் இல்ல. பேப்பருக்கு ஒன்னு சொல்லிட்டு, அவுங்களுக்குள்ள வேற பேசுறாங்க. நா கேட்டேன். என் காதாலயே கேட்டேன்.”

“எங்க கேட்ட?”

“அதச் சொல்ல முடியாது. இதையே சொல்லக் கூடாது.”

அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. அவனே வைத்தானா, சிக்னல் போனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்ப எடுத்தாள். அவன் எடுக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவன் அழைக்கவில்லை. வேலையில் கூட்டத்தின் மூன்றாம் நாள் ஒலிப்பதிவு வந்திருந்தது. எந்த நாடு எவ்வளவு கொடுப்பது, ராடாரை யார் இயக்குவது, ஒரு நாட்டின் வானத்துக்குள் வந்ததை இன்னொரு நாடு சுடலாமா, அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று மணிக்கணக்காகப் போனது. பேச்சாளர் நான்கு இரண்டு இடத்தில் மட்டும் பேசினார். வாலேனியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவள் முடிவு வரை கேட்டாள். பக்கத்து மேசை மர்லியாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒதுக்கிய பகுதிகளையும் திறந்து கேட்டாள்.

அதைத்தான் ஸிஹாமா கண்டுபிடித்தாள். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு ஸிஹாமாவுடையது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பது அவளுடைய திரையில் தெரியும்.

“மர்லியாட பைல ஏன் தொறந்தீங்க?”

யசோதினிக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஸிஹாமா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“நானாவுக்குச் சொன்னீங்களா?” அண்ணனை அவள் நானா என்றுதான் சொல்வாள்.

“சொன்னேன்.”

“ஊருட பேரச் சொல்லி?”

“ஆமாங்க.”

“யா அல்லாஹ்.” ஸிஹாமா நெற்றியைத் தடவினாள். “கம்பனிக்குத் தெரிஞ்சா ஒங்கள மட்டுமா நிப்பாட்டுவாங்க? பத்துப் பேரையும் சேத்து மூடிட்டுப் போவாங்க. மர்லியாட வாப்பாவுக்கு நடக்க ஏலாது, அவள்ட சம்பளந்தான் வீட்டுக்கு. அது ஒங்களுக்குத் தெரியுந்தானே?”

“தெரியும்.”

“தெரிஞ்சிமா சொன்னீங்க?”

“அந்த நேரம் புள்ள முத்தத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு வேற ஒன்னும் ஞாபகம் வரல.”

ஸிஹாமாவுக்கும் இரண்டு பிள்ளைகள். கடைசியில் அவள் கம்பனிக்கு அறிவிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே யசோதினியை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்து, ஒரு காப்புறுதிக் கம்பனியின் முறைப்பாட்டு அழைப்புகளில் போட்டாள். “இனி அந்த பைல் ஒன்னும் ஒங்களுக்கு வராது. என்ட கையால செய்ய ஏலுமானது அவ்வளவுதான்” என்றாள்.

தண்ணீர்க் குழாய் வெடித்த கதைகளையும் காரில் கீறல் விழுந்த கதைகளையும் யசோதினி திருத்திக்கொண்டிருந்தாள். முன்பு கேட்க வேண்டியிருக்கிறதே என்று தவித்தாள். இப்போது கேட்க முடியவில்லையே என்று தவித்தாள்.

சனிக்கிழமை காலை அவளுடைய வாடகை அறைக் கதவு தட்டப்பட்டது. நிஷாலினி ஒரு கையில் சூட்கேஸும் மறு கையில் மிதுஷாவுமாக நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே வந்தவள் பிள்ளையைக் கட்டிலில் உட்கார வைத்து, ஒரு பிஸ்கட் பைக்கற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“நேத்து ஒங்க அண்ணன் எல்லாத்தையும் சொன்னாரு. போன் கத்துறது, கீழ எறங்குறது, நெருப்பு விழுந்தது, நீ சொன்னது, எல்லாம்.”

“அண்ணி…”

“இரு. நா பேசி முடிக்கிறேன். அவரு தெரிஞ்சிக்கிட்டே ஒரு வருசமா மறச்சாரு. நீ ஞாயித்துக்கெழம என் வீட்டுல வந்து நின்னுக்கிட்டு, ஜம்பர் பத்தும் அண்ணின்னு சொன்ன. தல வலின்னு சொன்ன. அங்க போயி சாகப் போறதும் இங்க இருந்து சாகப் போறதும் நானும் எம்புள்ளையும். அத எங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லல.”

யசோதினி சூட்கேஸைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். “நீங்க அஞ்சி வாரத்துல நிம்மதியாத் தூங்குவேன்னு சொன்னீங்க. அதுக்கு மேல எனக்கு வாய் வரல.”

“வந்திருக்கணும்” என்றாள் நிஷாலினி. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மிதுஷா பிஸ்கட்டைக் கடிக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு நிஷாலினி தன் முடிவைச் சொன்னாள். யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

“அந்தத் தொறமொகத்துக்கு நா வரமாட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். அந்த நாட்டுலயே உள்பக்கமா எங்கயாச்சும் வேல தேடச் சொல்லிட்டேன். மொதல்ல அவரு அங்கேருந்து வெளிய வரட்டும், பொறகு நாங்க போறோம். அது வரைக்கும் அந்த லயத்துக்கும் திரும்பிப் போகமாட்டேன். இங்கதான் இருக்கப் போறோம். ஒனக்கு எடம் பத்தலைன்னா சொல்லு, வேற பாக்குறேன்.”

“இருங்க அண்ணி” என்றாள் யசோதினி.

அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் ஏழு மாதம் இருந்தார்கள். நிஷாலினி ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மிதுஷா ஜனவரியில் பதுளையிலேயே முதலாம் வகுப்புக்குப் போனது. ஐந்து வாரத்தில் ஏறியிருக்க வேண்டிய விமானம் அவர்கள் இல்லாமல் போனது. விசா காலாவதியானது. படிவங்களை யசோதினி முதலிலிருந்து மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது, இந்தத் தடவை வேறு ஊரின் பெயரோடு.

அந்த ஊரைத் துஷாந்த் சுலபத்தில் தேடிக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வாரம் தங்கையோடு பேசவே இல்லை. வெல்டர் வேலை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் பெப்ரவரியில், ஆற்றிலிருந்து பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் உள்ளே இருக்கும் ஒரு பட்டணத்தில் பாண் சுடும் தொழிற்சாலையில் ரொட்டித் தட்டும் மூட்டையும் சுமக்கும் வேலை கிடைத்தது. பதினொரு வருடம் வெல்டிங் பழகிய கை, மாவு மூட்டை தூக்கியது. அதை அவன் மறக்கவில்லை. வாலேனியில் விட்டு வந்த கூட்டாளிகளோடு தினமும் பேசுவான்.

“மார்ச் போச்சு, ஏப்ரலும் போச்சு” என்று ஒருநாள் யசோதினியிடம் சொன்னான். “நீ சொன்ன மாதிரி ஒரு பாதுகாப்பும் அங்க வரல. ஆனா ஒன்னும் விழவும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கானுங்க, மேலதிக வேலையும் செய்றானுங்க. நாந்தான் இங்க பாண் சொமக்கிறேன்.”

விழவில்லை என்பதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதை அண்ணனிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. மேல்பிரிவு லயமும் அப்படியேதான் நின்றது. நிஷாலினி சாமான் எடுக்கப் போன நேரம் பக்கத்து வீட்டு ராசம்மா, “எங்களுக்குத் தெரியாத ஏதாச்சும் ஒனக்குத் தெரிஞ்சிச்சா, அதான் ஓடிட்டியா?” என்று கேட்டாளாம். “செவத்துல செவப்பா எழுதிக் கெடக்குறதுதான் அக்கா எனக்கும் தெரியும்” என்று நிஷாலினி சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் ராசம்மாவின் மகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கினாள். மற்றவர்களுக்குப் போக இடம் இல்லை.

ஜூன் மாதம் நிஷாலினியும் மிதுஷாவும் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினார்கள். யசோதினி விமான நிலையம் வரைக்கும் போய் வழியனுப்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு மிதுஷா திரும்பித் திரும்பிப் பார்த்தது. நிஷாலினி ஒரு தடவையும் திரும்பவில்லை. பதுளைக்குத் திரும்பிய பஸ் முழுவதும் யசோதினி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து நிஷாலினி அழைத்தாள். வீடு சின்னதாம், ஆனால் வெளிச்சமாம். பிள்ளைக்குப் பாண் பிடித்துவிட்டதாம், சோறு கேட்பதில்லையாம்.

“அண்ணன் எப்படி இருக்காரு?”

“மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் இருக்காரு. தூக்கி வச்சிக்கட்டும். ராத்திரி மூனு பேரும் தூங்குறோம்.” சற்று நிறுத்தினாள். “யசோ, நீ செஞ்சது சரின்னு நா சொல்லப் போறதில்ல. அந்த மர்லியா புள்ளையோட வேல போயிருந்தா என்ன செஞ்சிருப்ப? ஆனா இனிமே எங்களப் பத்தி எதையாச்சும் கேட்டா, மொதல்ல எங்கிட்ட சொல்லு. அண்ணன்கிட்ட இல்ல, எங்கிட்ட.”

“சொல்றேன் அண்ணி” என்றாள் யசோதினி.

போனை வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கினாள்.